மழையில் நின்ற ஒரு விக்கெட்

2023 மே 30. அதிகாலை ஒன்றரை மணி. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். இருந்த இரண்டு நாற்காலிகள் மூத்தவர்களுக்குப் போய்விட, மற்றவர்கள் ஆயில் டின்களைக் கவிழ்த்து அதன்மேல் அட்டை விரித்திருந்தோம். அகமதாபாதில் சென்னை ஜெயிக்க இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். பந்து மோகித் சர்மா கையில். எதிரே ரவீந்திர ஜடேஜா. எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மடியில் இருந்த நீல அட்டை நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் என் கையெழுத்தில் இருந்தது: பட்டறைக்காரர் 7 முன்னால்.

ஐந்தாவது பந்து நேராகப் போய் சிக்ஸர். ஏழு ஒன்றாயிற்று. ஆறாவது பந்து கால் பக்கம் உரசி ஃபைன் லெக் எல்லைக்கு ஓடியது. சென்னைக்கு ஐந்தாவது கோப்பை. பட்டறையில் ஐந்து பேர் எழுந்து கத்தினார்கள். என்னைத் தவிர இரண்டு பேர் எழவில்லை. ஒருவர் பட்டறைக்காரர், இன்னொருவர் வாத்தியார். இருவரும் சென்னை அணிக்காகத் தொண்டை வற்றக் கத்துகிறவர்கள்தான். அன்றைக்கு இருவரும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டினேன். வாத்தியார் 5,326. பட்டறைக்காரர் 5,323.

இரண்டு மாதம், 74 ஆட்டங்கள், எட்டு அணிகள், ஐயாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். முடிவு மூன்று புள்ளியில்.

எங்கள் ஆட்டம் ஊரறிந்த ஒன்றல்ல. ஐபிஎல் தொடங்குவதற்கு முந்திய ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கூடுவோம். கணபதிப் பட்டறைக்காரர், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் வாத்தியார், திருப்பூரில் பனியன் செக்கிங் யூனிட் வைத்திருப்பவர், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுபவர், நான், இன்னும் மூவர். ஆளுக்கு ஆயிரம் கற்பனை ரூபாய். அந்த ஆயிரத்துக்குள் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்தவர் எடுத்தவர்தான், ஒரே ஆட்டக்காரர் இரண்டு பேரிடம் இருக்க முடியாது. அவர் நிஜ மைதானத்தில் அடிக்கிற ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு 20, கேட்சுக்கும் ஸ்டம்பிங்குக்கும் 10. சீசன் நடுவில் ஒரேயொரு முறை ஒருவரை மாற்றிக்கொள்ளலாம். பணப் பந்தயம் கிடையாது. கடைசி இடத்துக்காரர் ஆர்.எஸ்.புரம் அன்னபூர்ணாவில் எட்டுப் பேருக்கும் காலை டிபன் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஏலம் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொங்கு நாட்டில் ஏலச்சீட்டு தெரியாத வீடு குறைவு. இருபது பேர், மாதம் ஐயாயிரம் என்றால் லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் இருபதாயிரம் தள்ளி எடுத்துக்கொள்வார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரியும். கடைசி மாதம்வரை பொறுத்தவர் தள்ளாமல் எடுப்பார். இதில் பத்திரத்தைவிடப் பெரியது சீட்டு நோட்டு. யார் எந்த மாதம் எவ்வளவுக்கு எடுத்தார் என்று எல்லோர் முன்னாலும் எழுதி, எல்லோரும் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு நோட்டு. எழுதுவது என் பொறுப்பு. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த மறுநாள் காலை ஸ்கோர் அட்டையைப் பார்த்து ஏற்றுவேன். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எட்டுப் பேருக்கும் அனுப்புவேன்.

இந்த மாதிரி ஆட்டத்துக்குப் பிறப்பிடம் அமெரிக்கா. டேனியல் ஆக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் 1979-இல் யோசித்து, 1980 வசந்தத்தில் நண்பர்களோடு பேஸ்பாலை வைத்து நடத்தத் தொடங்கினார். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட ‘லா ரொட்டீசரி ஃபிரான்சேஸ்’ என்ற உணவகத்தின் பெயரே ஆட்டத்துக்கும் வந்தது: ரொட்டீசரி லீக். அதிலும் ஏலம்தான். பிற்பாடு 260 டாலர் என்று வழக்கமாகிவிட்ட ஒரு தொகைக்குள் ஓர் அணியைக் கட்ட வேண்டும். கணினி வீட்டுக்கு வராத காலம். நாளிதழில் வரும் ஸ்கோர் கட்டங்களைப் பார்த்துக் கையால் கூட்டினார்கள். ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடும் ஆறு மாதச் சீசன் முழுக்க யாரோ ஒருவர் இப்படிக் கூட்டியிருக்கிறார். ஆக்ரென்டைவிட அந்தப் பெயர் தெரியாத கணக்கர் எனக்கு நெருக்கமானவர்.

அவர்களுடைய கணக்கு எங்களுடையதைப் போல மொத்தக் கூட்டல் அல்ல. தொடக்கத்தில் எட்டு இனங்கள்: அடிப்பதில் நான்கு, எறிவதில் நான்கு. பத்து அணிகள் என்றால் ஹோம் ரன் அதிகம் சேர்த்த அணிக்குப் பத்துப் புள்ளி, அடுத்ததற்கு ஒன்பது, கடைசிக்கு ஒன்று. இப்படி எட்டு இனத்திலும் இடம் பார்த்துப் புள்ளி போட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் சாம்பியன் யாரென்று தெரியும். இதனால் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். ஹோம் ரன்னில் இருபது முன்னால் இருப்பவருக்கு இன்னும் பத்து அடித்தாலும் பைசா பிரயோஜனமில்லை. ஆனால் இரண்டு அணி நெருங்கி நிற்கிற ஓர் இனத்தில், யாரோ ஒரு சாதாரண ஓட்டக்காரர் எட்டாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு முறை இரண்டாம் பேஸைத் திருடினால் போதும். மேலே இருந்தவர் கீழே வருவார், கீழே இருந்தவர் மேலே போவார். அந்த ஓட்டக்காரருடைய நிஜ அணி எப்போதோ போட்டியிலிருந்து விலகியிருக்கும். மைதானத்தில் ஆளே இருக்காது. அவர் ஓடிய அந்தத் தொண்ணூறு அடியால் எங்கோ ஒரு நகரத்தில் ஒரு மனிதர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடப்பார் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தத் தூக்கமின்மை என்னவென்று எனக்கு 2023 மே மாதம்தான் புரிந்தது.

பட்டறைக்காரர் அந்த மார்ச் ஏலத்தில் சாய் சுதர்சனை எடுத்தார். மற்றவர்கள் யாரும் பெரிதாகப் போட்டிக்கு வரவில்லை. குஜராத் அணி அவரை 2022-இல் 20 லட்சத்துக்கு எடுத்திருந்தது. அப்போது ஐபிஎல்லில் அதுதான் அடிமட்ட விலை. ஆனால் 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல் நடத்திய முதல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அவரை 21.6 லட்சம் கொடுத்து எடுத்தது. அந்த ஏலத்திலேயே அதுதான் மிக அதிக விலை. ஐபிஎல் கொடுத்ததைவிட எங்கள் ஊர் அணி அதிகம் கொடுத்திருந்தது. ‘நம்மூரு அணிக்காரனுக்கு வெலை தெரியுமுங்க’ என்று பட்டறைக்காரர் சொன்னார். அவர் நவஇந்தியா எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் வெறும் நாற்பதடி தூரத்திலிருந்து அந்தப் பையனின் கவர் டிரைவைப் பார்த்தவர். லேத்தில் நூலளவு பிசகையும் கண்ணால் பிடிக்கிறவர். அவர் பார்த்ததில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு நடந்தது வேறு. குஜராத் அந்தச் சீசனில் 17 ஆட்டங்கள் ஆடியது. சாய் சுதர்சன் களமிறங்கியது எட்டில். வாரக்கணக்கில் நோட்டில் அவர் பெயருக்கு நேராக நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சீசன் நடுவில் மாற்றும் வாய்ப்பு வந்தபோது நாங்கள் எல்லோரும் சொன்னோம், மாத்திடுங்க என்று. அவர் மாற்றவில்லை. ‘இருக்கட்டுமுங்க. கடைசி மாசம் வரைக்கும் சீட்டு போட்டாச்சு’ என்றார்.

இறுதி ஆட்டம் 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க வேண்டும். கத்திரி வெயில் முடிகிற வாரம். எங்களூரில் புழுக்கம், அகமதாபாதில் விடாத மழை. ஒரு பந்துகூட வீசவில்லை. கலைந்து போய்த் திங்கள் இரவு மறுபடி கூடினோம். அப்போது வாத்தியார் 5,244, பட்டறைக்காரர் 5,187. வித்தியாசம் 57. வாத்தியாரிடம் ஜடேஜாவும் டெவன் கான்வேயும். பட்டறைக்காரரிடம் சாய் சுதர்சனும் நூர் அகமதும்.

முதல் இன்னிங்ஸில் சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தார். கடைசி ஓவரில் பதிரானாவிடம் எல்பிடபிள்யூ. ஜடேஜா சுப்மன் கில்லை எடுத்ததால் வாத்தியாருக்கு 20. ஆனாலும் 57 கரைந்து, பட்டறைக்காரர் 19 முன்னால் வந்துவிட்டார். சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. நள்ளிரவுக்குப் பிறகு 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றித் தொடங்கினார்கள். கான்வே 47. வாத்தியார் 28 முன்னால். அதற்கு அடுத்த மூச்சிலேயே நூர் அகமது ஒரே ஓவரில் கெய்க்வாடையும் கான்வேயையும் எடுத்தார். நாற்பது. பட்டறைக்காரர் 12 முன்னால். ஜடேஜா வந்து நான்கு பந்தில் ஐந்து ரன். ஏழு. மீதியைத்தான் தொடக்கத்திலேயே சொன்னேன்.

அந்த இரவில் யாருக்கும் பேச்சு வரவில்லை. வாத்தியார்தான் முதலில் பேசினார். ஜெயித்தவர். ‘நோட்டைக் குடுங்க, ஒருக்கா முழுசாப் பாத்தர்லாம்’ என்றார்.

மூன்று புள்ளி என்பதால் எல்லாப் பக்கமும் திறந்துகொண்டது. ஐம்பது புள்ளியில் முடிந்திருந்தால் யாரும் பின்னால் திரும்பியிருக்க மாட்டோம். மூன்றில் முடிந்ததும் ஏப்ரல் மாதத்தின் ஒவ்வொரு நாளும் எழுந்து வந்து நின்றது. அன்றைக்கு விடிகிறவரை பின்னாலிருந்து முன்னால் புரட்டினோம். ஒரு கேட்ச் பத்துப் புள்ளி. கைநழுவிய கேட்ச் எத்தனை இருந்திருக்கும்! ஒரு லெக்பை, நடுவர் மட்டையில் பட்டது என்று சொல்லியிருந்தால் ரன்னாகியிருக்கும். நெருங்கிய முடிவைக் கடைசிப் பந்தில் நடந்ததாகத்தான் எல்லோரும் சொல்வோம். எனக்கு அன்றிலிருந்து அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. கடைசிப் பந்து, அதுவரை கவனிக்காமல் போன நாட்களைப் பார்க்க வைக்கிறது. ஜடேஜாவின் பவுண்டரிக்கு நான்கு புள்ளி. சித்திரையில் யாரோ ஒருவர் எடுத்த நான்கு ஒற்றை ரன்னுக்கும் அதே நான்கு. நோட்டில் இரண்டுக்கும் ஒரே மை.

மணி நாலே கால் இருக்கும். மஞ்சள் மண்டிக்காரர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மே 3, லக்னோ.

லக்னோவுக்கும் சென்னைக்கும் நடந்த ஆட்டம் அது. லக்னோ 19.2 ஓவரில் 125 எடுத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சென்னை மட்டையெடுக்கவே இல்லை. முடிவில்லை என்று அறிவித்து ஆளுக்கொரு புள்ளி கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் ஜடேஜா மார்கஸ் ஸ்டாய்னிஸை போல்டாக்கினார். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து திரும்பி ஆஃப் ஸ்டம்பை எடுத்த பந்து. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை நான் வழக்கம்போல வாத்தியார் பெயரில் 20 ஏற்றியிருந்தேன்.

முடிவே இல்லாத ஆட்டத்தின் விக்கெட் செல்லுமா? எங்கள் விதிகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செல்லாது என்றால் பட்டறைக்காரர் 17 புள்ளியில் ஜெயிக்கிறார். செல்லும் என்றால் மூன்றில் தோற்கிறார். ஐபிஎல்லின் ஏட்டில் அந்த விக்கெட் ஜடேஜாவின் கணக்கில்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கு முடிவில்லை என்றாலும் ஆடியவர் ஆடியது அழிவதில்லை. ஆனால் கோப்பைக்கான ஓட்டத்தில் அந்த ஆட்டம் யாருக்கும் வெற்றியாகவோ தோல்வியாகவோ ஆகவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. ஏற்றியவன் நான். யாரையும் கேட்காமல் ஏற்றியவன்.

திருப்பூர்க்காரர் ஒரு வழி சொன்னார். ‘போன வருசம் எஸ்.என்.ஆர்.ல பண்ணாங்கல்லொ, அப்படிப் பண்ணீரலாமுங்க.’

அவர் சொன்னது 2022 ஜூலை 31. டிஎன்பிஎல் இறுதி ஆட்டம் கோவையில் நடந்தது. கோவை கிங்ஸுக்கும் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்கும். ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிச் சாரல் வந்து இறங்குகிற நாட்கள். ஆட்டத்தை 17 ஓவராகக் குறைத்தார்கள். கோவை 9 விக்கெட்டுக்கு 138. சேப்பாக் 4 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 14 எடுத்திருந்தபோது மறுபடி மழை. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டாவது அணி ஐந்து ஓவராவது ஆடியிருந்தால்தான் மழைக்கணக்குப் போட்டு முடிவு சொல்ல முடியும். ஒரு ஓவர் குறைந்தது. கோப்பையை இரண்டு அணிக்கும் பொதுவில் கொடுத்தார்கள். கோவை கிங்ஸின் முதல் பட்டம் அது.

நாங்கள் ஐந்து பேர் அன்றைக்கு அந்த மைதானத்தில் நனைந்துகொண்டு நின்றோம். இன்னும் ஆறே பந்து. அந்த ஆறு பந்தும் வீசியிருந்தால் கணக்கு கோவை பக்கம் சாய்ந்திருக்கும் என்று பட்டறைக்காரர் பஸ்ஸில் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டு வந்தார். பங்கிட்ட கோப்பையைப் பார்த்து மகிழ்ச்சியும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அடுத்த ஆண்டு திருநெல்வேலியில் நெல்லை அணியை 104 ரன்னில் வென்று கோவை தனிப் பட்டம் வாங்கியபோது சந்தோஷப்பட்டோம். ஆனால் நினைவில் தங்கியது பங்கிட்ட அந்த இரவுதான். முடிவு கிடைக்காத ஒன்று மனதிலிருந்து இறங்குவதில்லை.

அதனாலேயே பங்கு வேண்டாம் என்று நினைத்தேன். எதுவும் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

பட்டறைக்காரர் நோட்டை வாங்கி மே 4-ஆம் தேதி காலை நான் அனுப்பிய பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடினார். ‘நீங்க எழுதி அனுப்பிச்சப்ப நானும் பாத்தனுங்க. அன்னைக்கு நான் முன்னூறுக்குப் பின்னால இருந்தேன், அதனால ஒண்ணும் கேக்கல. அன்னைக்குக் கேக்காதவன் இன்னைக்குக் கேக்கப்படாது. எழுதுனது எழுதுனதுதானுங்க.’ வாத்தியாரைப் பார்த்து, ‘டிபன் நீங்க வாங்கித் தர வேண்டாம், உக்காந்து சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்கப் போனார். ஆறு மணிக்கு அவருக்கு வேலையாட்கள் வருவார்கள்.

நான் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தது அந்த நிமிடத்தால்தான். முன்னூறு பின்தங்கி இருந்தபோது அவர் கேட்காமல் விட்டது அலட்சியம். மூன்று பின்தங்கி இருந்தபோது கேட்காமல் விட்டது வேறு. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்தால் சின்னதாகிவிடுகிறது. அவர் தன் மே 4-ஆம் தேதிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். நீண்ட கணக்கு ஒன்றில் சேர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கிற வாய்ப்பு அது: நாலு வாரத்துக்கு முந்திய தன் மௌனத்தோடு நேருக்கு நேர் நிற்பது.

நெருக்கமான முடிவு மனிதர்களை வேறு மாதிரியும் ஆக்கும். 2024 மே 18, பெங்களூரு. சென்னை ஜெயிக்கவே வேண்டியதில்லை; பெங்களூரின் 218-க்கு எதிராக 201 எடுத்தால் போதும், பிளே ஆஃப். இரண்டு அணிக்கும் 14 புள்ளி என்றானால் நெட் ரன்ரேட் தீர்மானிக்கும். சீசன் முழுக்க ஓர் ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழிப்பது அது. சீக்கிரம் சுருண்டாலும் முழு இருபது ஓவரும் ஆடியதாகவே வகுப்பார்கள். கடைசி ஓவரில் 17 வேண்டும். யாஷ் தயாளின் முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார். அடுத்த பந்தில் கேட்ச். சென்னை 191-இல் நின்றது. பெங்களூரு +0.459, சென்னை +0.392. தோற்றாலும் போதும் என்று கணக்குப் போட்டு ஆடுகிற ஓர் இரவை அதற்கு முன் நான் அவ்வளவு பதைப்போடு பார்த்ததில்லை. வெற்றி, தோல்வி என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் 17 ரன் அகலத்துக்கு ஒரு சந்து திறந்திருந்தது. அதற்குள்ளும் நுழைய முடியவில்லை.

ரொட்டீசரி ஆட்டத்தில் இந்தச் சந்துக்காகவே ஒரு தந்திரம் உண்டு. எறிபவர்களின் சராசரியில் முன்னணியில் இருப்பவர் கடைசி நாட்களில் தன் எறிபவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துவிடலாம். ஆடாவிட்டால் சராசரி கெடாது. விதிக்கு உட்பட்டதுதான். எனக்கு அது பிடிப்பதில்லை. அதற்கு பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் ஒரு காரணம். 1941 செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள். அவருடைய அடிக்கும் சராசரி .39955. ஏட்டில் முழுமைப்படுத்தி எழுதினால் .400. உட்கார்ந்துகொள்கிறாயா என்று மேலாளர் கேட்டார். பிலடெல்பியாவில் அன்று இரண்டு ஆட்டம். இரண்டிலும் ஆடினார், எட்டு முறையில் ஆறு முறை அடித்தார். .406. அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு முழுச் சீசனில் .400-ஐத் தொட்டவர் யாரும் இல்லை.

நாங்கள் விளையாடியதும் ஊரே விளையாடியதும் ஒன்றல்ல. ட்ரீம் லெவன் என்ற இணைய ஆட்டம் 2008-இல் தொடங்கியது. ஹர்ஷ் ஜெயினும் பாவித் ஷேத்தும் தொடங்கினார்கள். முதலில் அதுவும் சீசன் முழுக்க ஆடுகிற ஆட்டம்தான். 2012 வாக்கில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் பெருகியது. 2020-இல் ஐபிஎல்லின் பெயருக்கு முன்னாலேயே அந்தப் பெயர் வந்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், நிட்டிங் கம்பெனியின் இரவு ஷிப்டில், ‘டீம் போட்டாச்சா?’ என்பது சாப்பிட்டாச்சா என்பதைப் போன்ற கேள்வியாயிற்று. ஏழு மணிக்குப் பணம் கட்டி டீம் போட்டால் பதினொன்றரைக்குத் தெரிந்துவிடும். மறுநாள் புது டீம், புதுப் பணம். நேற்றையது எதிலும் சேராது.

என் தெருவில் ஒரு பையன் டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை பார்த்தான். கிரிக்கெட் அறிவில் எங்கள் எட்டுப் பேரையும் தூக்கிச் சாப்பிடுவான். எந்த மைதானத்தில் எந்த வேகப்பந்து எடுபடும் என்று மனப்பாடமாகச் சொல்வான். ஒரு வருடத்தில் சம்பளம், தங்கையின் கம்மல், நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் போயின. அவன் அம்மா என்னிடம் வந்து, ‘நீங்களும் அதே வெளையாட்டுத்தானெ வெளையாடறீங்க, அவனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சாமி’ என்றார். என்ன எடுத்துச் சொல்வது? அவன் ஒவ்வொரு இரவும் கடைசிப் பந்தில் தோற்றுக்கொண்டிருந்தான். எங்களுக்கு வருடத்துக்கு ஒரு கடைசிப் பந்து. அவனுக்கு நாள்தோறும் ஒன்று. பொறுத்திருந்த சாய் சுதர்சன் என்ற ஒருவர் அவனுக்கு வாய்க்கவே முடியாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்டக்காரரை அன்றைய டீமில் யார் போடுவார்கள்?

தமிழ்நாடு அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழையக் கூடாது என்று விதி செய்தார்கள். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் நிறுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 22-ஆம் தேதி. அந்த நாளிலேயே ட்ரீம் லெவன் பணப் போட்டிகளை நிறுத்தியது. திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வாதாடினார்கள். அந்தக் கேள்வியைவிட எனக்கு முக்கியமானது ஆட்டம் எவ்வளவு நாள் நீள்கிறது என்பது. அந்தப் பையனிடம் திறமை இருந்தது. திறமை பலிக்க எடுக்கிற நாட்களை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. சட்டம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அது இன்னும் நாலு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

சாய் சுதர்சன் 2025 ஐபிஎல்லில் 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். அதற்குள் எங்கள் ஏலத்தில் அவர் பெயர் வந்தாலே எட்டுக் கைகளும் எழும். பட்டறைக்காரருக்கு அவர் மறுபடி கிடைக்கவில்லை.

2024 மார்ச்சில் ஏலத்துக்கு உட்கார்ந்தபோது, முதல் பெயரைக் கூப்பிடும் முன்னால் பட்டறைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டில் விதிகள் எழுதிய முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். பதின்மூன்று விதிகள் இருந்தன. ‘பதினாலு போடுங்க’ என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: மழையாலோ வேறு காரணத்தாலோ ஆட்டம் முடிவில்லாமல் போனாலும், அதில் எடுத்த ரன்னும் விக்கெட்டும் கேட்சும் செல்லும். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பட்டறைக்காரர் நோட்டை என்னிடம் நீட்டி, ‘ஆரம்பிங்க’ என்றார்.